14 கிளை, ஒரே வைஃபை பெயர்: போன்களுக்கு ஐபி கொடுப்பதை எப்படி ஒழுங்குபடுத்துவது?

சில்க்போர்டு_சிக்னல்

தலைமை அலுவலகம் ஒயிட்ஃபீல்டு. பெங்களூருக்குள் 11 கிளை; ஓசூர், மைசூரு, துமகூருவில் ஒவ்வொன்று. வைஃபையில் வருவது மூன்று வகை: ஊழியர் போன், கிடங்கில் பார்கோடு படிக்கும் ஆண்ட்ராய்டு கைக்கருவி, வாடிக்கையாளர் போன். எல்லா இடத்திலும் ஒரே இரண்டு வைஃபை பெயர்தான், ஊழியருக்கு ஒன்று, விருந்தினருக்கு ஒன்று.

தலைமை அலுவலகத்தில் விண்டோஸ் டிஎச்சிபி சர்வர் (கருவிகளுக்குத் தானாக ஐபி கொடுப்பது), 10.10.0.0/24, லீஸ் (ஒரு கருவி ஐபியை வைத்துக்கொள்ளும் காலம்) 8 நாள். கிளைகளில் சிஸ்கோ ரவுட்டரே ஐபி கொடுக்கிறது. எல்லாக் கிளையிலும் ஊழியருக்கு 192.168.1.0/24, விருந்தினருக்கு 192.168.2.0/24. அங்கே லீஸ் நேரத்தை யாரும் தொடவில்லை.

இப்போதைய தொல்லைகள்: ஜெயநகர் கிளையில் தினமும் மதியம் மூன்று மணிக்கு மேல் வாடிக்கையாளர் போனுக்கு ஐபி கிடைப்பதில்லை. ஒரு கிளையிலிருந்து இன்னொன்றுக்குப் போகும் ஊழியர் போனில் "இணைந்தது, இன்டர்நெட் இல்லை" என்று நிற்கிறது. மேக் எண்ணை (கருவியின் வைஃபை அடையாள எண்) வைத்துப் பதிவு செய்த ரிசர்வேஷன் (ஒரு கருவிக்கென்றே ஒதுக்கிய ஐபி) பாதி வேலை செய்வதில்லை. தலைமை அலுவலக ஸ்கோப்பில் (சர்வர் எடுத்துக் கொடுக்கும் ஐபி வரிசை) பேட் அட்ரஸ் என்று சிவப்பாக நிறைய வரிகள். எல்லாவற்றையும் மையச் சர்வருக்குக் கொண்டுவந்துவிட்டால் சரியாகுமா?

கேபிள்காரன்

மையமா கிளையா என்கிற கேள்வி அப்புறம். முதலில் அந்த மூன்று மணி கணக்கைப் பாருங்கள்.

ரவுட்டரில் லீஸைத் தொடவில்லை என்றால் சிஸ்கோவின் இயல்புநிலை ஒரு நாள். ஜெயநகருக்கு ஒரு நாளில் எத்தனை வாடிக்கையாளர் போன் வருகிறது? 400 என்று வைத்தால், பத்திலிருந்து ஆறு வரை எட்டு மணி நேரம், மணிக்கு 50. /24 என்கிற முகவரித் தொகுதியில் இருப்பதே 254 ஐபி (கோட்டுக்குப் பின்னுள்ள எண் குறையக் குறையத் தொகுதி பெரிதாகும்). 254-ஐ 50-ஆல் வகுத்தால் ஐந்து மணி நேரம். பத்து மணிக்குத் திறந்தால் மூன்றுக்கு முடிந்தது.

மறுநாள் காலையில் ஏன் கிடைக்கிறது என்றால், நேற்றுப் பத்து மணிக்குக் கொடுத்த ஐபி இன்று பத்து மணிக்குத்தான் விடுபடும், பதினொன்றுக்குக் கொடுத்தது பதினொன்றுக்கு. வருகிற வேகமும் விடுபடுகிற வேகமும் ஒன்றாகவே போய், மூன்று மணிக்கு விடுபட ஒன்றும் இருக்காது. அதனால்தான் தினமும் அதே நேரம். ஏதோ டைமர் கோளாறு என்று தேட வேண்டாம்.

கடையை விட்டுப் போகிற போன் "என் ஐபியை எடுத்துக்கொள்" என்று சொல்லிவிட்டுப் போகாது. ரிலீஸ் செய்தி வரும் என்று எதிர்பார்த்துத் திட்டம் போடாதீர்கள்.

விருந்தினருக்கு லீஸ் 1 மணி நேரம் வையுங்கள். சராசரி 50, நெரிசல் மணியில் 90 போன் வந்தாலும் பிடிபட்டிருப்பது 90-ஐ ஒட்டித்தான் இருக்கும். இப்போதுள்ள /24-லேயே பாதிக்கு மேல் காலி.

அல்சூர்_அருவி

அப்படியானால் அரை மணி வைத்தால் இன்னும் நல்லதுதானே?

கேபிள்காரன்

அவ்வளவு லாபம் இல்லை. போன் தன் லீஸில் பாதி நேரம் ஆனதும் புதுப்பிக்கும். வாடிக்கையாளர் 25 நிமிடம் உட்காருகிறார் என்று வையுங்கள். 1 மணி லீஸில் அவர் போன் புதுப்பிக்கவே போவதில்லை. ஐபி 60-வது நிமிடத்தில் விடுபடும். அரை மணி லீஸில் 15-வது நிமிடம் ஒருமுறை புதுப்பிக்கும், அங்கிருந்து இன்னொரு 30. ஆக 45-வது நிமிடம். லீஸைப் பாதியாகக் குறைத்தும் மிச்சப்படுவது கால் பங்கு நேரம்தான். அதே சமயம் நாள் முழுக்க உட்கார்ந்திருக்கும் போன்களின் புதுப்பிப்பு இரட்டிப்பாகும்.

மீனா_நெட்

ரிசர்வேஷன் வேலை செய்யாததற்குக் காரணம் போன்கள் தங்கள் உண்மையான மேக் எண்ணைக் காட்டுவதில்லை. ஆண்ட்ராய்டு 10-லிருந்தும் (2019) ஐஓஎஸ் 14-லிருந்தும் (2020) இயல்புநிலையே இதுதான். ஒவ்வொரு வைஃபை பெயருக்கும் ஒரு பொய் எண்.

கண்டுபிடிக்க லீஸ் பட்டியலைப் பார்த்தாலே போதும். மேக்கின் இரண்டாவது எழுத்து 2, 6, ஏ, இ இந்த நாலில் ஒன்றாக இருந்தால் அது உள்ளூரில் உருவாக்கிய எண். பெட்டியில் ஒட்டியிருக்கும் எண் அல்ல.

இதில் கவனிக்க இரண்டு விஷயம். ஆண்ட்ராய்டின் வழக்கமான முறையில் நெட்வொர்க்கை மறக்கச் சொல்லிவிட்டுத் திரும்பச் சேர்த்தாலும் அதே பொய் எண்தான் வரும், ஃபேக்டரி ரீசெட் வரை. ஐபோனில் அப்படி இல்லை. மறந்துவிட்டுச் சேர்த்தால் மாறலாம். ஐஓஎஸ் 18-ல் "சுழலும்" என்று ஒரு தேர்வு வேறு இருக்கிறது. அதுவாகவே அவ்வப்போது மாறும். 8 நாள் லீஸில் இப்படி ஒரே போன் இரண்டு ஐபியைப் பிடித்து வைத்திருக்கும்.

இன்னொன்று, எல்லாக் கிளைக்கும் ஒரே வைஃபை பெயர் வைத்திருப்பது இந்த விஷயத்தில் உங்களுக்குச் சாதகம். பெயர் ஒன்றென்றால் ஆண்ட்ராய்டில் பொய் எண்ணும் ஒன்றே. கிளைக்கொரு பெயர் வைத்தால் ஒரே போன் 14 எண்ணாகத் தெரியும்.

சில்க்போர்டு_சிக்னல்

அக்கா, அப்போ ரிசர்வேஷனை என்ன செய்வது? கைக்கருவிகளின் ஐபியைக் கிடங்கு மென்பொருளின் சர்வரில் அனுமதிப் பட்டியலில் போட்டிருக்கிறோம். அதற்காகத்தான் மாறாத ஐபி வேண்டும். சிலவற்றில் ஐபியைக் கையால் போட்டுவிட்டார்கள்.

மீனா_நெட்

அந்தக் கையால் போட்டதுதான் உங்கள் பேட் அட்ரஸ். ஸ்கோப்புக்குள் இருக்கும் ஒரு ஐபியைக் கருவியில் கையால் போட்டால் சர்வருக்கு அது தெரியாது. அதே ஐபியை வேறொரு போனுக்குக் கொடுக்கும். அந்தப் போன் ஏஆர்ப்பியில் (இந்த ஐபி யாரிடம் என்று கேட்கும் செய்தி) கேட்டுப் பார்த்து, ஏற்கெனவே ஆள் இருக்கிறது என்று டிக்ளைன் அனுப்பும். சர்வர் சிவப்பில் எழுதி வைக்கும். கிளை விட்டுக் கிளை போகிற கருவியில் கையால் ஐபி போடவே கூடாது. மைசூரு போனால் அந்த ஐபிக்கு அங்கே வேலையே இல்லை.

கைக்கருவி நிறுவனத்தின் சொத்து. எம்டிஎம் (நிறுவனக் கருவிகளை மையத்திலிருந்து நிர்வகிக்கும்) மென்பொருள் வழியாக அந்த வைஃபை பெயருக்கு மட்டும் பொய் மேக்கை அணைத்துவிடலாம். ஐபோன், ஐபேடுக்கும் ஐஓஎஸ் 14-லிருந்து வைஃபை ப்ரொஃபைலில் இதற்கான அமைப்பு உண்டு. ஆனால் ரிசர்வேஷன் வேண்டாம். கைக்கருவிக்கு என்று தனி விலான் (ஒரே கம்பியில் பிரித்த தனி நெட்வொர்க்), தனி சப்நெட் (அதற்கான ஐபி தொகுதி) கொடுத்து, அனுமதிப் பட்டியலில் அந்த சப்நெட்டையே போடுங்கள். 14 கிளைக்கு 14 வரி. ஒரு கருவி பழுதாகி மாற்றினாலும் பட்டியலைத் தொட வேண்டாம்.

ஊழியரின் சொந்தப் போனில் பொய் மேக்கை அணைக்கச் சொல்லாதீர்கள். ஒருவர் அணைப்பார், பத்து பேர் மறப்பார்கள். ஆள் யார் என்பதை மேக்கை வைத்துத் தீர்மானிக்கும் பழக்கத்தையே விட வேண்டும். அதற்குப் பதில் 802.1எக்ஸ் (ஆளைச் சரிபார்த்தே உள்ளே விடும் முறை), சான்றிதழ், ரேடியஸ் (அந்தச் சரிபார்ப்பைச் செய்யும் சர்வர்). ரேடியஸ் பதிலில் மூன்று பண்பு போனால் போதும்: டனல் டைப் 13, டனல் மீடியம் டைப் 6, டனல் பிரைவேட் குரூப் ஐடியில் விலான் எண். ஒரே வைஃபை பெயரில் ஊழியர் போன் ஒரு விலானிலும் கைக்கருவி இன்னொன்றிலும் போய் விழும்.

பீன்யா_பாக்கெட்

"இணைந்தது, இன்டர்நெட் இல்லை" பற்றி யாரும் பேசவில்லையே. இந்த இழையில் உண்மையான நோய் அதுதான். வேர் எல்லாக் கிளையிலும் இருக்கும் 192.168.1.0/24.

ஜெயநகரில் ஒரு போனுக்கு 192.168.1.57 கிடைத்தது. லீஸ் ஒரு நாள். ஒரு மணி நேரம் கழித்து அதே போன் பீன்யா கிளைக்கு வருகிறது. வைஃபை பெயர் ஒன்றே என்பதால் "பழைய இடம்தான்" என்று போன் நினைக்கும். டிஸ்கவரில் (சர்வரைத் தேடும் செய்தி) ஆரம்பிக்காது, நேராக ரிக்வெஸ்ட் (ஐபி கோரிக்கை) அனுப்பும், அதன் ஆப்ஷன் 50 என்ற பகுதியில் 192.168.1.57 என்று எழுதி.

டிஎச்சிபியின் விதி ஆவணமான ஆர்எஃப்சி 2131 (1997) இங்கே என்ன சொல்கிறது என்பதுதான் விஷயம். கேட்ட ஐபி இந்த நெட்வொர்க்கைச் சேர்ந்ததல்ல என்றால் சர்வர் நாக் (மறுப்பு) அனுப்ப வேண்டும். போன் உடனே பழையதைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாகக் கேட்கும். ஒரு நொடி வேலை. ஆனால் பீன்யாவிலும் அதே 192.168.1.0/24. நெட்வொர்க் சரிதான், ஆனால் இந்தப் போனைப் பற்றி பீன்யா ரவுட்டரிடம் எந்தப் பதிவும் இல்லை. பதிவு இல்லாத சர்வர் வாயே திறக்கக் கூடாது என்கிறது அதே விதி. பதில் வராத போனுக்கோ, மிச்ச லீஸ் நேரம் முடியும் வரை பழைய ஐபியை வைத்துக்கொள்ளலாம் என்று சலுகை. ஆக பீன்யாவில் ஏற்கெனவே .57 வைத்திருப்பவரும் இவரும் ஒரே ஐபியில் இருப்பார்கள். இருவருக்கும் விட்டுவிட்டு வரும்.

ஐபோன் இன்னொரு வேலையும் செய்யும். பழைய கேட்வேயின் (வெளியே போக வழியான ரவுட்டர்) ஐபிக்கும் மேக்குக்கும் நேரடியாக ஓர் ஏஆர்ப்பி அனுப்பி, பதில் வந்தால் பழைய இடத்துக்கே வந்துவிட்டோம் என்று முடிவு கட்டும் (ஆர்எஃப்சி 4436). சாதாரணமாக இரண்டு ரவுட்டரின் மேக் வேறுவேறாக இருப்பதால் தப்பிக்கலாம். கிளைகளில் விஆர்ஆர்பி ஜோடி (ஒன்று விழுந்தால் மற்றது பொறுப்பேற்கும் இரண்டு ரவுட்டர்) போட்டு எல்லா இடத்திலும் குழு எண் 1 வைத்திருந்தால்? விஆர்ஆர்பியின் மேக்கில் மாறுவது கடைசி இரண்டு இலக்கம் மட்டும், அதுவும் குழு எண்தான். 14 கிளையிலும் ஒரே கேட்வே ஐபி, ஒரே கேட்வே மேக். போனைக் குற்றம் சொல்ல முடியாது.

சில்க்போர்டு_சிக்னல்

எல்லாக் கிளையிலும் விஆர்ஆர்பி குழு 1 தான் சார். ஒரே கான்ஃபிகை நகலெடுத்துப் போட்டது.

பீன்யா_பாக்கெட்

குழு எண்ணை மாற்றுவதோடு நிறுத்தாதீர்கள். சப்நெட்டைப் பிரியுங்கள். சப்நெட் வேறானால் மேலே சொன்ன இரண்டு கோளாறும் ஒரே அடியில் போய்விடும். மையச் சர்வர் வேண்டுமென்றாலும் அது கட்டாயம். போனின் கோரிக்கையை மையத்துக்குக் கடத்தும் (ரிலே) ரவுட்டர் அதில் எழுதும் கேட்வே முகவரியைப் பார்த்துத்தான் சர்வர் ஸ்கோப்பைத் தேர்ந்தெடுக்கும். 14 இடத்திலிருந்தும் 192.168.1.1 என்று வந்தால் எந்தக் கிளை என்று அதற்கு எப்படித் தெரியும்?

அல்சூர்_அருவி

முகவரித் திட்டத்துக்கு என் யோசனை: 10.80.0.0/12-ஐ எடுத்து, கிளைக்கு ஒரு /20. முதல் கிளை 10.80.0.0, இரண்டாவது 10.80.16.0, மூன்றாவது 10.80.32.0. 256 கிளை வரை தாங்கும். ஒரு கிளைக்கு ஒரே ரூட் (வழிப் பதிவு).

கேபிள்காரன்

கணக்கு சரி. ஆனால் இரவு பதினொரு மணிக்கு லாகில் 10.80.119.43 என்று பார்க்கிறவர் அது எட்டாவது கிளை என்று மனக்கணக்கு போட வேண்டும். 14 கிளைக்கு அவ்வளவு சிக்கனம் எதற்கு? இரண்டாவது எண் 100 கூட்டல் கிளை எண், மூன்றாவது எண் விலான். ஏழாவது கிளையின் கைக்கருவி விலான் 20 என்றால் 10.107.20.0/24. பார்த்ததும் தெரியும். கிளைக்கு ஒரு /16, அதுவும் ஒரே ரூட்தான். 155 கிளை வரை இடம் இருக்கிறது.

அல்சூர்_அருவி

வேறு கம்பெனியை வாங்கி அவர்களும் 10-ல் இருந்தால் அப்போது தெரியும் /16-ஐ வாரி இறைத்ததன் அருமை. இருந்தாலும் படிக்கச் சுலபம் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

எந்தத் திட்டமானாலும் மூன்று இடத்தைத் தவிருங்கள். 192.168.0 மற்றும் 192.168.1, வீட்டு ரவுட்டர்கள் அதில்தான் இருக்கும். விபிஎன்னில் வருகிறவருக்கு மோதும். 172.20.10.0/28, ஐபோன் ஹாட்ஸ்பாட் கொடுப்பது அது. 172.17.0.0/16, சர்வரில் டாக்கர் போட்டால் தானாக எடுத்துக்கொள்வது. கிளையில் 4ஜி சிம் ரவுட்டரை மாற்று இணைப்பாக வைத்தால் வெளிப்பக்கம் 100.64.0.0/10-க்குள் ஒரு முகவரி வரலாம். அதை உள்ளே பயன்படுத்தலாமே என்று யாராவது கிளம்பினால் தடுத்துவிடுங்கள்.

கேபிள்காரன்

இனி மையமா கிளையா. என் பதில்: ஊழியரும் கைக்கருவியும் மையம், விருந்தினர் கிளை ரவுட்டர்.

பெங்களூரில் எந்தச் சாலையை எப்போது ஒயிட் டாப்பிங்குக்கு (கான்கிரீட் சாலை போட) தோண்டுவார்கள் என்று யாருக்கும் தெரியாது. ஃபைபர் அறுந்தால் மையச் சர்வர் எட்டாது. அப்போது ஏற்கெனவே ஐபி உள்ள போன் எவ்வளவு நேரம் தாங்கும்? பாதி லீஸில் புதுப்பிக்கும் போனின் கையில் எப்போது பார்த்தாலும் குறைந்தது பாதி லீஸ் மிச்சம் இருக்கும். லீஸ் 8 மணி என்றால் குறைந்தது 4 மணி நேரம். 1 மணி என்றால் அரை மணிதான், அதற்குள் கேபிள்காரர் டீ கூடக் குடித்து முடிக்க மாட்டார். பாதியில் கேட்டுப் பதில் இல்லையென்றால் 87.5 சதவீதத்தில் போன் எந்தச் சர்வராவது பதில் சொல்லட்டும் என்று பொதுவாகக் கூப்பிடும். அதற்கும் பதில் இல்லாமல் லீஸ் முடிந்தால்தான் ஐபியை விடும்.

அதனால் ஊழியருக்கு 8 மணி, கைக்கருவிக்கு 24 மணி. கைக்கருவி எண்ணிக்கை மாறாது, ஐபி தீரும் பயம் இல்லை. விருந்தினர் 1 மணி நேரம், ஆகவே கிளையிலேயே இருக்கட்டும்.

விண்டோஸில் இரண்டு சர்வரை ஃபெயில்ஓவர் ஜோடியாக (ஒன்று நின்றால் மற்றது தொடரும்) போடுங்கள், 2012 பதிப்பிலிருந்து உண்டு. போட்டபின் புதுப் போனுக்கு முதல் லீஸ் 8 மணிக்குப் பதில் 1 மணியே வரும். பயப்பட வேண்டாம், எம்சிஎல்டி என்கிற அமைப்பின் இயல்புநிலை அது. புதுப்பிக்கும்போது முழு நேரம் கிடைக்கும். உண்மையில் கடிக்கிற இடம் வேறு: லீஸ்கள் இரண்டு சர்வருக்கும் தானாகப் போகும், ஸ்கோப் அமைப்புகள் போகாது. ஒரு சர்வரில் டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபியாக மாற்றித் தரும் சர்வர்) முகவரியை மாற்றினால் "ரெப்ளிகேட் ஸ்கோப்" என்று நீங்கள்தான் அழுத்த வேண்டும். மறந்தால் பாதிப் போன் பழைய டிஎன்எஸ், பாதிப் போன் புதியது. இரண்டின் கடிகாரமும் ஒரு நிமிடத்துக்கு மேல் விலகவும் கூடாது.

பீன்யா_பாக்கெட்

ரவுட்டரில் ஹெல்பர் அட்ரஸ் (கோரிக்கையை எந்தச் சர்வருக்குக் கடத்துவது என்கிற கட்டளை) போடும்போது ஒரு சுத்தம் செய்ய வேண்டும். சிஸ்கோவில் அந்தக் கட்டளை டிஎச்சிபியை மட்டும் அனுப்பாது. டிஎன்எஸ், டிஎஃப்டிபி, நெட்பயாஸ் 137, 138 எல்லாப் பொது அழைப்பையும் சேர்த்து மையத்துக்குத் தள்ளும். தேவையில்லாததை "நோ ஐபி ஃபார்வர்ட் ப்ரோட்டோகால்" கொடுத்து நிறுத்துங்கள்.

கிளை சுவிட்சுகளில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் (நம்பகமற்ற போர்ட்டிலிருந்து யாரும் ஐபி கொடுக்காமல் தடுப்பது) போடாமல் விடாதீர்கள். வேகம் போதவில்லை என்று யாராவது வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து அதன் லான் துளையில் கேபிளைச் செருகினால், அதுவும் 192.168-ல் ஐபி வாரி வழங்கும். ஸ்னூப்பிங்கில் மேலே போகும் போர்ட் மட்டும் நம்பகமானது.

போட்ட உடனே எல்லாம் நின்றுபோனால் முதலில் ஆப்ஷன் 82-ஐப் (கோரிக்கை எந்தச் சுவிட்ச், எந்தப் போர்ட்டிலிருந்து வந்தது என்கிற குறிப்பு) பாருங்கள். சுவிட்ச் அதைச் செருகி அனுப்பும். ரிலே முகவரி காலியாக, ஆப்ஷன் 82 மட்டும் இருக்கிற பாக்கெட்டை மேலே உள்ள ரவுட்டர் சந்தேகப்பட்டுக் கீழே போட்டுவிடும். சுவிட்சில் செருகுவதை நிறுத்துங்கள், அல்லது ரவுட்டரில் நம்பச் சொல்லுங்கள். அடுத்து, ஆக்சஸ் பாயிண்ட் இருக்கும் போர்ட்டில் நொடிக்கு 10, 15 பாக்கெட் என்று வரம்பு போடாதீர்கள். மேசைக் கம்ப்யூட்டருக்கு அது சரி. கரண்ட் போய் வந்ததும் 80 போன் ஒரே நேரத்தில் கேட்கும், சுவிட்ச் அந்தப் போர்ட்டையே மூடிவிடும். அப்புறம் ஆக்சஸ் பாயிண்ட் கெட்டுவிட்டது என்று புதிது வாங்குவார்கள்.

மீனா_நெட்

லாக் பற்றி. 2022 ஏப்ரல் 28 செர்ட்-இன் (மத்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பு) உத்தரவுப்படி கணினி அமைப்புகளின் லாக் 180 நாள் இந்தியாவுக்குள் இருக்க வேண்டும். கடிகாரம் என்ஐசி அல்லது என்பிஎல் (இரண்டும் அரசு அமைப்புகள்) நேரத்தோடு ஒத்திருக்க வேண்டும். விண்டோஸ் டிஎச்சிபி என்ன செய்கிறது தெரியுமா? கிழமைக்கு ஒரு கோப்பு. அடுத்த திங்கள் வந்ததும் போன திங்களின் மேலேயே எழுதிவிடும். 180 நாள் எங்கே, 7 நாள் எங்கே. தினமும் இரவில் அந்தக் கோப்பை வெளியே இழுத்து வைக்கும் வேலையை முதல் நாளே போட்டுவிடுங்கள். கிளை ரவுட்டரில் விருந்தினர் லீஸ் இருந்தால் அதன் சிஸ்லாகும் (ரவுட்டரின் நிகழ்வுப் பதிவு) மையத்துக்கு வர வேண்டும்.

அந்தக் கோப்பில் வரியின் முதல் எண்தான் கதை. 10 புது லீஸ், 11 புதுப்பித்தது, 13 ஐபி ஏற்கெனவே பயனில் இருந்தது, 14 ஸ்கோப்பில் ஐபி தீர்ந்தது, 15 மறுத்தது. தினமும் 13-ஐயும் 14-ஐயும் மட்டும் எண்ணிப் பார்த்தால் பாதிப் புகார் வருவதற்கு முன்பே தெரிந்துவிடும்.

பொய் மேக் காலத்தில் டிஎச்சிபி லாக் மட்டும் வைத்து ஆளைச் சொல்ல முடியாது. ரேடியஸ் அக்கவுண்டிங்கில் பயனர், மேக், ஐபி மூன்றும் நேரத்தோடு பதிவாக வேண்டும். 1 மணி லீஸில் ஒரே ஐபி ஒரு நாளில் எட்டுப் பேர் கைமாறும். நேரம் தப்பினால் தப்பான ஆளைக் கேட்பீர்கள்.

அல்சூர்_அருவி

ஐபிவி6 (புதிய ஐபி முகவரி முறை) எடுத்தால் ஒரு எச்சரிக்கை மட்டும். டிஎச்சிபிவி6 வழியாக ஒவ்வொரு போனுக்கும் தனி முகவரி கொடுக்கலாம் என்று திட்டம் போடாதீர்கள், ஆண்ட்ராய்டு அப்படி வாங்காது. ரவுட்டர் அறிவிப்பிலிருந்து தானே உருவாக்கிக்கொள்ளும், டிஎன்எஸ்ஸும் அந்த அறிவிப்பிலேயே போக வேண்டும்.

சில்க்போர்டு_சிக்னல்

எல்லோருக்கும் நன்றி. ஏழாவது கிளையான ஜெயநகருக்குப் போட்ட திட்டம் இது, பார்த்துச் சொல்லுங்கள்.

கைக்கருவி: விலான் 20, 10.107.20.0/24, லீஸ் 24 மணி, மையம்.
ஊழியர்: விலான் 40, 10.107.40.0/23, லீஸ் 8 மணி, மையம்.
விருந்தினர்: விலான் 50, 10.107.50.0/22, லீஸ் 1 மணி, கிளை ரவுட்டர்.
ஒவ்வொன்றிலும் முதல் 10 ஐபி ரவுட்டர், விஆர்ஆர்பிக்கு ஒதுக்கம். விஆர்ஆர்பி குழு எண் கிளை எண்ணே. மாற்றுவதற்கு முந்தின நாளே பழைய ஸ்கோப்பில் லீஸை 30 நிமிடமாகக் குறைத்துவிடுகிறேன்.

கேபிள்காரன்

லீஸைக் குறைப்பதை முந்தின நாள் செய்வது கிளைக்குப் போதும், அங்கே பழைய லீஸ் ஒரு நாள். போன் அரை நாளில் புதுப்பிக்கும்போது புது நேரத்தை வாங்கிக்கொள்ளும். தலைமை அலுவலகத்தில் பழைய லீஸ் 8 நாள். அங்கே 4 நாளாவது முன்னால் குறைக்க வேண்டும்.

விருந்தினர் வரியில் பிழை. /22 நாலு நாலாகத்தான் தொடங்கும். 50 நாலின் மடங்கு அல்ல. 10.107.50.0/22 என்று ரவுட்டரில் அடித்தால் அது எடுத்துக்கொள்வது 48.0 முதல் 51.255 வரை. நாளை விலான் 48 அல்லது 49 உருவாக்கினால் மோதும். விலானை 60 ஆக்கி 10.107.60.0/22 வையுங்கள், 60 முதல் 63 வரை சுத்தமாக வரும். ஊழியர் 40-ல் /23, இரட்டைப்படை, அது சரி.

பீன்யா_பாக்கெட்

மணிக்கு 90 போனுக்கு 1022 ஐபி எதற்கு? 10.107.60.0/24 போதும். 61, 62, 63-ஐக் காலியாக விட்டு வையுங்கள், நெரிசல் கூடினால் /24-ஐ /22 ஆக மாற்றினால் ஆயிற்று.

சில்க்போர்டு_சிக்னல்

60, /24 என்று திருத்திவிட்டேன். தலைமை அலுவலக லீஸை இன்றே குறைக்கிறேன், மாற்றம் அடுத்த சனிக்கிழமை இரவு.